ராமாபுரத்து நெட்டும் அக்காவின் காலும்

ராமாபுரத்தில் சிக்னல் சரியில்லை. அதனால்தான் எனக்கு அந்த நடனம் கிடைத்தது. இதைச் சொன்னால் மைசூரில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் நான் அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். அடக்கமா, எனக்கா? என்னைத் தெரிந்தவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

நான் நவீன நடனம் ஆடுகிறவள், அமைக்கிறவளும்கூட. காந்தி நகரில் ஒரு மாவு மில்லின் மேல்மாடியில் எங்களுக்கு ஒரு கூடம் உண்டு. கீழே மிளகாய் அரைக்கிற நாளில் மேலே எல்லோரும் தும்மிக்கொண்டே ஆடுவோம். கொஞ்ச வருடங்களாக மேடையில் கணினியும் கேமராவும் வைத்து வேலை செய்கிறேன். கணுக்காலில் சென்சார் கட்டி ஆடியிருக்கிறேன். கையை உயர்த்தினால் பின்சுவரில் ஒளிப்புள்ளிகள் சிதறும்படி ஒன்று செய்தோம். பார்த்தவர்கள் எல்லாம் புள்ளியைப் பற்றியே பேசினார்கள். நான் ஒருத்தி முட்டி தேய ஆடியது ஒருவர் கண்ணிலும் படவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன்: இனிமேல் எந்திரம் வந்தால் எனக்கு வேலை வைக்க வேண்டும், வேடிக்கை காட்டிவிட்டுப் போகக் கூடாது.

அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்குச் சொந்த ஊர் ராமாபுரம் என்ற கிராமம். ஆலை வேலைக்காக மைசூருக்கு வந்தவர். நானும் அக்காவும் இங்கேயே பிறந்து, கன்னடத்தில் படித்து, வீட்டில் தமிழ் பேசி, சண்டை வந்தால் இரண்டையும் கலந்து திட்டிக்கொண்டு வளர்ந்தோம். நடன வகுப்பில் இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் சேர்த்துவிட்டார்கள். அக்கா ஆட்டத்தில் கெட்டி. நான் அவள் காலைப் பார்த்துத்தான் ஆடுவேன். அதனாலேயே எப்போதும் அவளுக்கு அரைத் தாளம் பின்னால் இருப்பேன். வகுப்பில் எனக்கு ‘அக்காவின் வால்’ என்றே பெயர். எவ்வளவு முயன்றும் அந்த அரைத் தாளத்தை என்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. எனக்கு அழுகையும் கோபமுமாக வரும். அக்கா மட்டும், “விடு கணே, நீ வந்து சேர்ற வரைக்கும் நான் எங்கயும் போயிட மாட்டேன்,” என்பாள். ‘கணே’ என்றால் கன்னடத்தில் ‘அடியே’.

ஆனால் போய்விட்டாள். அத்தை மகனைக் கட்டிக்கொண்டு ராமாபுரத்துக்கே போய்விட்டாள். அதன் பிறகு அவள் ஆடவில்லை. யாரும் ஆடாதே என்று சொல்லவில்லை. எங்கள் அத்தையும், அக்கா புருஷனான மாமாவும் அப்படிப்பட்டவர்கள் இல்லை. அவளை ஆடவிடாதது பட்டுப்புழு. அவர்கள் வீட்டில் வருடம் முழுக்க ஒரு ஈடு புழு கூடு கட்டி முடிந்தால் அடுத்த ஈடு என்று புழு வளர்ப்பு நடக்கும். கடைசித் தோலை உரித்துவிட்டு எழுந்த புழு தின்கிற தீனி இருக்கிறதே, அடேயப்பா! மல்பெரித் தழையை வெட்டிப் போடப் போட, புழுக் கொட்டகை முழுக்கத் தூறல் விழுகிற மாதிரி சத்தம் கேட்கும். அந்த நாட்களில் வீட்டில் ஒருவரும் கல்யாணத்துக்கும் போக மாட்டார்கள், துக்கத்துக்கும் போக மாட்டார்கள்.

ஒரு ஈடு முடிந்து அடுத்தது வருவதற்குள் கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்புத் தூள் தூவி, கொஞ்ச நாள் காலியாகப் போடுவார்கள். அப்படியொரு நாள் மத்தியானம் அக்கா வீடியோவில் கூப்பிட்டாள்.

“ஏய், இங்க பாரு புள்ள. எம்புட்டுப் பெரிய ஹாலு! ஒன் மாவு மில்லுல இருக்குதா இந்த மாதிரி?”

போனைத் தழை வெட்டும் மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு, ஈரம் காயாத சிமெண்டுத் தரையில் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு ஆடினாள். படம் நின்று நின்று வந்தது. ஒரு சுற்றில் பாதி காணாமல் போயிற்று. ஆனாலும் நான் போனை மூக்குக்கு நேரே இழுத்துக்கொண்டு அவள் காலையே பார்த்தேன். இத்தனை வருடம் தொடாமல் கிடந்த கால் அது, ஒரு துளி மழுங்கியிருக்க வேண்டுமே! இல்லவே இல்லை.

“அக்கா, நீயும் நானும் சேர்ந்து ஒண்ணு பண்ணுவோம்,” என்றேன்.

“பண்ணலாம். புழுவ யாரு பாக்கறது? ஒங்க மாவு மில்காரரா?”

“நீ அங்கயே ஆடு. நான் இங்க ஆடுறேன்.”

இப்படித்தான் ஆரம்பித்தது. கணினி வேலைக்கு என் தோழி ஒருத்தி இருந்தாள். மென்பொருள் கம்பெனியை விட்டுவிட்டு மேடைகளுக்கு ஒளி, ஒலி, கேமரா பார்க்கிறவள், கன்னடக்காரி. அக்காவின் உருவத்தைப் பின்சுவரில் ஆள் உயரத்துக்குப் போட்டாள். நான் ஆடும் பலகைக்கு அடியில் ஒரு மைக் ஒட்டினாள். அதே மாதிரி ஒரு பலகையும் மைக்கும் ராமாபுரத்துக்குப் பஸ்ஸில் போயின. பாட்டு கிடையாது. இரண்டு பேருடைய காலடிச் சத்தம்தான் இசை.

முதல் நாளே ஒரு தகராறு. அக்கா மிதிக்கிறாள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தேடிப் பார்த்தால், வீடியோ அழைப்புச் செயலி பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு காலடியை இரைச்சல் என்று வடிகட்டிக்கொண்டிருக்கிறது. அக்காவின் கால் இரைச்சலாம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தோழி சிரித்துக்கொண்டே அந்த வடிகட்டியை நிறுத்தினாள். அடுத்த மிதி கூடத்தில் கணீரென்று விழுந்தது. கீழே மில்காரர் அண்ணாந்து பார்த்தாராம்.

அதற்கப்புறம்தான் தாமதம் தெரிந்தது. நான் இங்கே மிதித்து, அது அங்கே போய், அக்கா அதைக் கேட்டு மிதித்து, அந்தச் சத்தம் திரும்பி வருவதற்குள் நான் அடுத்த அசைவுக்குப் போயிருப்பேன். தோழி தலையில் கை வைத்துக்கொண்டாள். “இது சரியாகாது. அங்கே சிக்னலே அப்படி,” என்றாள்.

நான் பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் விட்டு நகர்ந்த இடத்துக்கு அக்கா மெதுவாக வந்து நிற்கிறாள். சின்ன வயதில் நான் அவளுக்குப் பின்னால் ஓடியது போய், இப்போது அவள் என் பின்னால் வருகிறாள். “சரி பண்ணாதே. இதுதான் டான்ஸ்,” என்றேன்.

அதையே நடனமாகக் கட்டினோம். நான் ஒரு அடவு மிதிப்பேன். ஒரு காலைத் தூக்கியபடி காத்திருப்பேன். ராமாபுரத்திலிருந்து பதில் வந்த பிறகுதான் அந்தக் காலை இறக்குவேன். பதில் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. காற்றடித்தால் ஒரு மாதிரி, மேகம் மூடினால் வேறு மாதிரி. ஒற்றைக்காலில் நின்றபடி வருமா வராதா என்று காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது உடம்பில் ஒரு பயம் ஓடும். பொய்யாகக் காட்ட முடியாத பயம் அது. கடைசியில் நான் மேடையை விட்டுப் போய்விடுவேன். என் கடைசி மிதிக்கு அக்காவின் பதில் காலி மேடைக்கு வந்து சேரும். அத்துடன் முடியும்.

மைசூரில் நடந்த ஒரு சிறிய நடன விழாவில் இடம் கிடைத்தது. தேதியைக் கேட்டு அக்கா விரல்விட்டு எண்ணினாள். அன்றைக்குப் புழு கடைசிப் பருவத்தில் இருக்கும். கொட்டகை நிறைந்திருக்கும், அவளால் அசைய முடியாது. “களத்துல பலகையப் போட்டு ஆடறேன். சாயங்காலத் தழை போட்டுட்டு வந்துருவேன்,” என்றாள்.

விழா அமைப்பாளர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். ஒத்திகையைப் பார்த்துவிட்டு, “ரெகார்டு மாடி ஹாக்கிபிடி மேடம், ரிஸ்க் யாக்கெ?” என்றார். பதிவு செய்து ஓட்டிவிடுங்கள், எதற்கு வம்பு என்கிறார். யாருக்குத் தெரியப் போகிறது என்று வேறு கேட்டார்.

“எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியும்,” என்றேன். பதிவுக்கு எதற்குக் காத்திருக்க வேண்டும்? எந்த நொடியில் வரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். அப்புறம் அந்த ஒற்றைக்கால் வெறும் நடிப்பு. அக்காவிடமும் இதைச் சொன்னேன்.

“படமா வரதுன்னா நான் எதுக்குடி? கல்யாண கேசட்டுலதான் ஏற்கெனவே இருக்கேனே,” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள், ஆனால் குரல் விளையாட்டாக இல்லை. இத்தனை வருடத்துக்கு அப்புறம் அவளுக்கு ஒரு மேடை கிடைத்திருக்கிறது. அதில் அவள் உயிரோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவள் ஆடாவிட்டால் நானும் ஆடவில்லை என்று அமைப்பாளரிடம் சொல்லிவிட்டேன். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். ஒத்திகையின் பதிவு கணினியில் தயாராக இருக்கும். இணைப்பு அறுந்தால் மட்டும் தோழி அதைத் தட்டிவிடுவாள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது ராமாபுரத்தில் இன்னொரு வேலை நடந்திருக்கிறது. ஒத்திகை நாட்களில் மாமாவும் அத்தையும் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். படம் தாமதமாக வருகிறது, நான் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், அக்கா பதைக்கிறாள். பாவம், பிள்ளைகள் நெட்டு இல்லாமல் இப்படித் தவிக்கிறார்களே என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். தாமதம்தான் நடனம் என்று நாங்கள் அவர்களிடம் சொல்லவே இல்லை. எங்களுக்கு அது அவ்வளவு வெளிச்சமாகத் தெரிந்ததால் சொல்லத் தோன்றவில்லை. மாமா கடைவீதிக்குப் போய், கேபிள்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, வழியிலிருந்த வேப்பமரம், தென்னைமரம் எல்லாவற்றிலும் வயரைக் கட்டி இழுத்து, வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு கொண்டுவந்துவிட்டார். நிகழ்ச்சி அன்று சாயங்காலம் அக்கா தழை போட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்கே தெரியாமல் போனையும் அதில் மாற்றி இணைத்துவிட்டார். ஆச்சரியப்படுத்த வேண்டுமாம்! பெண்டாட்டிக்காக இப்படி மரம் மரமாக வயர் கட்டுகிற ஆளை எப்படித் திட்டுவது?

எனக்கு அப்போது எதுவும் தெரியாது. அரங்கம் நிறைந்திருந்தது. விளக்கு அணைந்தது. பின்சுவரில் அக்கா வந்தாள். பச்சைச் சேலை, ஏற்றிச் செருகிய கொசுவம், பின்னால் கொட்டகையின் கம்பி வலை. படம் கண்ணாடி மாதிரி இருந்தது. இன்றைக்கு என்ன இவ்வளவு துல்லியம் என்று ஒரு கணம் தோன்றியது. நான் முதல் அடவை மிதித்தேன்.

கால் தரையைத் தொட்டதுதான் தாமதம், பதில் வந்துவிட்டது.

நான் தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. எதற்காகக் காத்திருக்க? பதில்தான் வந்துவிட்டதே! இரண்டாவது அடவை மிதித்தேன். மறுபடியும் அப்படியே. நான் நகர்வதற்குள் அவள் என் குதிகாலை மிதிக்கிற மாதிரி வந்து நிற்கிறாள். மூன்றாவதில் எனக்குக் கால் தடுமாறியது. நாங்கள் மாதக்கணக்கில் கட்டியது எல்லாம் கண்ணெதிரே பொலபொலவென்று உதிர்ந்தது. திரையில் அக்காவின் முகத்திலும் குழப்பம். இரண்டு பேர் ஒரே அடவை ஆடுகிறார்கள், அவ்வளவுதான் அங்கே மிச்சம். பள்ளிக்கூட ஆண்டு விழாவில்கூட அது உண்டு.

பக்கத்து இருட்டில் அமைப்பாளர் தோழியின் தோளைத் தட்டுவது தெரிந்தது. “ரெகார்டு ஹாக்கி, ரெகார்டு ஹாக்கி” என்று பதறுகிறார். தோழியின் கை விசைப்பலகைக்குப் போயிற்று. இன்னும் ஒரு தட்டு, அக்கா படமாகிவிடுவாள். புழுவுக்கு நடுவிலிருந்து ஓடிவந்து களத்தில் நிற்கிறவளைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு, போன மாதத்து அக்காவை ஓட்டுவார்கள். இங்கே நடப்பது தெரியாமல் அவள் அங்கே ஆடிக்கொண்டே இருப்பாள்.

நான் கத்திவிட்டேன். மேடையில் நின்றபடி, ஒற்றைக்காலில், அடிவயிற்றிலிருந்து:

“முட்டபேட கணே! அக்கா பர்த்தாளெ!”

தொடாதே, அக்கா வருவாள் என்று. அரங்கத்தில் இருந்தவர்கள் இதுவும் நடனத்தில் உள்ளதுதான் என்று நினைத்திருப்பார்கள். தோழி கையை எடுத்துவிட்டாள். அந்தக் கத்தல் ஃபைபர் வயர் வழியாக அந்தக் கணமே ராமாபுரத்துக்கும் போயிருக்கிறது. அக்கா அசையாமல் கேமராவைப் பார்த்தாள். எனக்குத் தெரியும் அந்தப் பார்வை. கணக்கு வாத்தியார் கேள்வி கேட்டதும் விடை தெரிந்துவிட்டால் அப்படித்தான் பார்ப்பாள்.

நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அடுத்த அடவை மிதித்தேன். காலைத் தூக்கினேன்.

பதில் வரவில்லை.

திரையில் அக்காவும் ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். இறக்கவில்லை. நெட் ஒருநாளும் எடுத்துக்கொள்ளாத நேரத்தை எடுத்துக்கொண்டாள். வெளியே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பியது கேட்டது. பலகைக்கு அடியிலிருந்த மைக்கில் என் உடம்பு ஆடுகிற கிறீச்சுகூடக் கேட்டது. இறக்குவாளா? மாட்டாளா? அதுவரை நான் சிக்னலுக்குப் பயந்துகொண்டிருந்தேன். இப்போது அக்காவுக்குப் பயந்தேன். பிறகு அந்தக் கால் இறங்கியது. கணீரென்ற சத்தத்தில் முன்வரிசையில் ஒருவர் துள்ளினார்.

அதற்கப்புறம் அவள் ராஜ்ஜியம்தான். தாமதத்தை முழுக்கத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டாள். ஒருமுறை சீக்கிரம் வந்தாள், ஒருமுறை என்னை வேர்க்க விறுவிறுக்க நிற்க வைத்தாள். ஒருமுறை தூக்கிய காலோடு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, என்னடி அவசரம் என்பதுபோல் பார்த்தாள். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கேபிளும் கேமராவும் கணினியும் எல்லாம் அவள் சொன்ன வேலையைச் செய்துகொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தன. நான் இத்தனை வருடம் மேடையில் எந்திரத்தோடு மல்லுக்கட்டியது இதற்காகத்தான் என்று அப்போது புரிந்தது. இவள் என் அக்கா, இவள் என் அக்கா என்று எல்லோரையும் பிடித்து உலுக்கிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அத்தனை பெருமை எனக்கு.

கடைசி அடவு வந்தது. நான் மிதித்துவிட்டு வெளியே போக வேண்டும். அவள் பதில் காலி மேடைக்கு வர வேண்டும். நான் போகவில்லை. காலைத் தூக்கினேன், மிதிக்கவில்லை. அவளும் காலைத் தூக்கினாள், மிதிக்கவில்லை. யார் கூப்பிடுவது, யார் பதில் சொல்வது என்று இல்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் தாடை லேசாக அசைந்தது. சின்ன வயதில் வகுப்பில் ஆரம்பிக்கும்போது அப்படித்தான் அசைப்பாள்.

இரண்டு காலும் ஒன்றாக விழுந்தன.

அளந்து பார்த்தால் ஏதாவது நூலளவு பிசகு இருக்கும் என்று தோழி பிறகு சொன்னாள். அளந்துகொள்ளட்டும். என் காதில் ஒரே சத்தம்தான் விழுந்தது. அந்த அரைத் தாளத்தைப் பிறந்ததிலிருந்து துரத்திக்கொண்டிருந்தவள் நான். கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

கைதட்டல் ஓயவில்லை. தோழி இணைப்பை அணைக்காமல் அப்படியே விட்டிருந்தாள். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு களத்தில் நிற்கிறாள். திரையின் ஓரத்திலிருந்து அத்தை வந்தார், இடுப்பில் தழைக்கூடையோடு. மைசூரில் ஒரு அரங்கமே தன்னை ஆள் உயரத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

“ஏஞ்சாமி, நடுவுல நடுவுல காலத் தூக்கீட்டு நின்னுட்டியே? இத்தன தூரம் வயரு இழுத்தும் நெட்டு நின்னு போச்சாக்கும்?”

பின்னாலிருந்து மாமாவின் குரல் பதறிப்போய்க் கேட்டது: “நின்னுச்சா? கேபிள்காரன இப்பவே கூப்படறேன் இரு!”

“நெட்டெல்லாம் நிக்கல,” என்றாள் அக்கா. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “நாந்தான் நின்னேன் அத்தே.”

“அதெதுக்கு அம்மிணி?”

அக்கா கேமரா பக்கம் திரும்பினாள். அரங்கத்தில் சிலருக்குத் தமிழ் தெரியும், பலருக்குத் தெரியாது. எல்லோரும் கைதட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

“எந் தங்கச்சி வந்து சேரட்டும்னு,” என்றாள். பிறகு அத்தையின் இடுப்பிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டு, புழுவுக்குத் தழை போடப் போய்விட்டாள்.